சேணமும் செருப்பும்

வீரன் என்றதும் குதிரைமேல் அமர்ந்த ஓர் உருவமே நம் மனத்தில் எழுகிறது. நாட்காட்டி ஓவியங்களும் நாடக மேடையும் திரைப்படமும் பாளையக்காரர்களை நமக்கு அப்படியே அறிமுகம் செய்துவைத்தன. உயர்த்திய வாளும் பாய்ந்தெழும் புரவியுமாக அவர்கள் நம் நினைவில் நிலைத்துவிட்டார்கள். இதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் சங்கரன்கோவில் வட்டாரத்தின் வரலாற்றைச் சற்று நெருங்கி நோக்கும்போது ஒரு கேள்வி எழாமலிருப்பதில்லை. கரிசல் வெளியில் பாய்ந்துவந்த அந்தக் குதிரை, மேற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர் மலைகளை எட்டியபின் எதுவரை சென்றது?

அடிவாரம் வரை சென்றது என்பதே நாம் காணும் விடை. மலையேறிக் காட்டுக்குள் புகுந்தவை செருப்பணிந்த கால்களும் வெறுங்கால்களுமே. தென்பாண்டி நாட்டின் வரலாற்றில் இந்த எல்லைக்கோடு எவ்வளவு பெரிய பங்கு வகித்தது என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் தந்த குதிரை

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள மானாவாரி நிலத்தில் கொள்ளும் குதிரைவாலியும் நெடுங்காலமாக விளைகின்றன. ஒன்று குதிரையின் தீனி, மற்றொன்று குதிரையின் பெயரைத் தாங்கிய தானியம். ‘கொள் என்றால் வாய் திறக்கும், கடிவாளம் என்றால் வாய் மூடும்’ என்ற பழமொழி இங்கே அன்றாடப் பேச்சில் புழங்குகிறது. இத்தனை நெருக்கம் இருந்தும் குதிரை இம்மண்ணுக்குரிய விலங்கன்று. அது கடல் வழியாக வந்தது.

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் கப்பலில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வணிகம் பெருகியபோது அதன் வாயிலாக விளங்கியது பொருநையின் முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகம். அந்நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டை ஆண்ட ஐந்து சகோதரர்களும் ஆண்டுதோறும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டின் முடிவில் அவற்றுள் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் இங்கில்லை என்பதும், அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்பதும் அவர் சொன்ன காரணங்கள். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் தரும் கணக்கும் இதற்கு இசைவானதே. கீஷ் தீவைச் சேர்ந்த வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் தம் இனக் குதிரைகளில் 1,400 குதிரைகளை ஆண்டுதோறும் அனுப்புவதென ஒப்பந்தம் இருந்தது. ஒரு குதிரையின் விலை 220 தினார் செம்பொன். கடலில் இறந்துபோன குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் விலை கொடுத்தாக வேண்டும்.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கையில் மாணிக்கவாசகர் வரலாறு புதுப்பொருள் கொள்கிறது. குதிரை வாங்கப் பொன்னோடு சென்ற அமைச்சர் அப்பொன்னைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டார். இறைவன் காட்டு நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தான். இரவில் அவை மீண்டும் நரிகளாகி ஊளையிட்டுக் காட்டுக்கே ஓடின. பத்தியின் பெருமை கூறும் கதை இது என்பதில் ஐயமில்லை. ஆனால், அரசன் பொன் கொடுத்து வாங்கியது விடிவதற்குள் இல்லாமற்போகும் என்ற அனுபவம் பாண்டிநாட்டுக் கருவூலத்துக்கு நன்கு பழக்கமானது. கதைக்குள் காடு தன்னுடையதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. குதிரையோ அங்கே நிற்பதில்லை.

காடு மறுத்த குதிரை

காட்டில் குதிரையோடு தங்கிய காட்சி நம் இலக்கியத்தில் உண்டா என்றால், உண்டு. நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு, பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிகளே கொண்டது. அதன் நடுப்பகுதி முழுவதும் காட்டுக்குள் அமைத்த ஒரு பாசறை. புதர்களை வெட்டி, வேடர் அரண்களை அழித்து, முள்வேலியிட்டு, காவல் வைத்து அமைத்த இடம் அது. அங்கே உறக்கம் வராமல் அரசன் எண்ணமிடுகிறான். புண்பட்ட யானைகளையும் இறந்துபட்ட வீரர்களையும் நினைப்பவன், அம்பு பாய்ந்து தீனி கொள்ளாமல் நிற்கும் குதிரைகளையும் நினைக்கிறான். தமிழில் நமக்குக் கிடைக்கும் பழமையான காட்டுப்பாசறைச் சித்திரங்களுள் ஒன்று இது. இதில் குதிரை உலாவுக்குரிய விலங்காக வரவில்லை, துன்புறும் உயிராகவே வருகிறது.

துன்பத்துக்கு இயற்கையான காரணங்களும் உண்டு. குதிரை புல்வெளியின் விலங்கு. தொலைவிலேயே அபாயத்தைக் கண்டு ஓடித் தப்புவது அதன் தற்காப்பு. அடர்காட்டில் பார்வையும் இல்லை, ஓட்டமும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் வழுக்குப்பாறையும் சேறும் அட்டையும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றுக்கு மேல், கடிக்கும் ஈக்கள் பரப்பும் ‘சர்ரா’ என்ற நோயும் உண்டு. இந்நோயுற்ற குதிரையின் இரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணி இருப்பதை 1880இல் பஞ்சாபில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தார். காய்ச்சல் விட்டுவிட்டு வரும், உடல் மெலியும், கால் வீங்கும், சிகிச்சை இல்லையேல் குதிரை பிழைப்பதரிது. போலோ கண்ட அழிவில் இதன் பங்கு எவ்வளவு என்பதை இன்று அளந்துகூற இயலாது. ஆயினும் நம் காலநிலையும் தீனியும் நோயும் ஒருங்கே குதிரைக்குப் பகையாக இருந்தன என்பது தெளிவு.

சிற்பியின் கற்பனைக்கு இத்தடை இல்லை. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களில் பாய்ந்தெழும் கற்குதிரைகளின் காலடியில் வேங்கைகள் குத்துண்டு கிடக்கின்றன. மதுரை ஆயிரங்கால் மண்டப முகப்பில், பாளையப்பட்டு முறையை வகுத்தவராகப் போற்றப்படும் அரியநாத முதலியார் குதிரைமேல் வீற்றிருக்கிறார். நாயக்கர் காலத்து அரசதிகாரம் தன்னைக் குதிரையாகவே கண்டது. பாளையக்காரர் வைத்துக்கொள்ள வேண்டிய படையிலும் குதிரைக்கு இடமிருந்தது. ஆனால் மேற்குப் பாளையங்களின் உண்மையான அரண் மலையும் அதன் அடிவார முட்காடுமே.

1755இல் இது சோதனைக்கு வந்தது. ஆர்க்காட்டு நவாபின் சார்பில் வரி வசூலிக்க மாபூஸ்கானும் கம்பெனியின் கர்னல் ஹெரானும் தெற்கே படைகொண்டு வந்தனர். சங்கரன்கோவிலை அடுத்த நெற்கட்டும்செவலில் புலித்தேவர் கப்பம் தர மறுத்தார். கோட்டையைத் தகர்க்கும் பெரிய பீரங்கிகள் இல்லாத ஹெரான் வெறுங்கையோடு திரும்பினார். திரும்பும் வழியில் அதே ஆண்டு மே மாத இறுதியில் நத்தம் கணவாய்க் காட்டில் கள்ளர்கள் அப்படையைச் சூழ்ந்துகொண்டனர். படையினர் கோவில்குடியிலிருந்து கவர்ந்துவந்த தெய்வத் திருமேனிகளை மீட்பதே அவர்கள் நோக்கம். ‘சுவாமி, சுவாமி’ என்று முழங்கியவாறு அவர்கள் பாய்ந்ததையும், அவர்கள் கையிலிருந்த ஈட்டிகள் ஏறத்தாழ 18 அடி நீளமானவை என்பதையும் ராபர்ட் ஓர்ம் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒடுங்கிய காட்டுப்பாதையில் படையணி நீண்டு கிடந்தது. முன்னால் சென்றவர் பின்னால் வருவோர்க்கு உதவ முடியவில்லை. திருமேனிகள் மீட்கப்பட்டன. நெடிய ஈட்டி குதிரை வீரனைக் கருதி அமைந்த கருவி. அதைப் பிடித்தவன் தரையில் நிற்பவன்.

பின்னர் 1761இல் யூசுப்கான், நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பீரங்கி கொண்டு பிடித்தார். ஆனால் புலித்தேவர் காட்டுக்குள் மறைந்தார். 1767இல் வாசுதேவநல்லூரை டொனால்டு காம்பெல் முற்றுகையிட்டபோதும் நிகழ்ந்தது அதுவே. உடைந்த மதிலைக் குண்டுமழைக்கு நடுவே அடைத்து அடைத்துக் காத்தவர்கள், ஒரு மழையிரவில் கோட்டையை விட்டு மலைப்பக்கம் போய்விட்டனர். புலித்தேவரின் முடிவு பற்றி நம்மூரில் வழங்கும் கதையும் ஒரு மறைவையே சொல்கிறது. சிறைப்பட்டவர் கோமதியம்மனை வழிபட வேண்டி, சங்கரநாராயணர் கோயிலுக்குள் சென்று சோதியில் கலந்தார் என்பர். அக்கோயிலில் அவர் பெயரால் ஓர் அறை இன்றும் உள்ளது.

காட்டின் வலிமையைக் கம்பெனி முழுமையாக உணர்ந்தது 1801இல், காளையார்கோவிலில். சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை அமைக்க ஏறத்தாழ ஒரு மாதம் முயன்றும் பயனின்றி அம்முயற்சியைக் கைவிட்டனர். வேறு வழியாகச் சென்றே அக்டோபர் முதல் நாளில் கோவிலைப் பிடிக்க முடிந்தது.

தென்மலைப் பாசறை

இவை ஏட்டில் உள்ள செய்திகள். ஏட்டில் இல்லாத ஒரு கதையையும் இங்கே சொல்ல வேண்டும். சிவகிரியை அடுத்த தென்மலையில் கும்பினிப் படை கூடாரமிட்டுத் தங்கியிருந்தது. அவர்களுடைய பட்டத்துக் குதிரையையும் வாளையும் வெண்கல நகராவையும் எவரேனும் கொண்டுவர முடியுமா என்பது புலித்தேவர் படைக்கு விடப்பட்ட அறைகூவல். ஒண்டிவீரன் தனியாகச் சென்றார். குதிரையை அவிழ்க்கையில் அது மிரண்டு கனைத்தது. ஒண்டிவீரன் புல்லுக்குள் மறைந்து படுத்துக்கொண்டார். ஓடிவந்த சிப்பாய்கள் குதிரையை மீண்டும் கட்ட முளையை அறைந்தனர். அம்முளை புல்லுக்குள் கிடந்த அவர் கையின் மேல் இறங்கியது. அவர் வாய் திறக்கவில்லை. சிப்பாய்கள் அகன்றபின் அக்கையை வெட்டிவிட்டுக் குதிரையோடு மீண்டார் என்பது கதை.

வாய்மொழிக் கதையை ஆவணமாக்கிக் காட்ட வேண்டியதில்லை. அது எதைக் கவனித்திருக்கிறது என்று பார்த்தால் போதும். கும்பினியின் குதிரை கட்டப்பட்டிருப்பது மலையடிவாரத்தில், கூடாரத்தின் பக்கத்தில். அதற்கு முளை வேண்டும், புல் வேண்டும், காவலாள் வேண்டும். இருளில் நடந்துவந்தவனுக்கு இவை எவையும் வேண்டியதில்லை. மேலும் ஒண்டிவீரன் அருந்ததியர் குலத்தவராகப் போற்றப்படுகிறார். தோலைப் பதப்படுத்திச் சேணமும் கடிவாள வாரும் செருப்பும் தைத்துத் தந்த கைகள் அக்குலத்தாருடையவை. குதிரைமேல் அமர்ந்தவனைப் பாடிய வரலாறு, சேணம் தைத்தவனை மறந்துவிட்டது. கதை மறக்கவில்லை. அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலை வெளிவர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெள்ளையர் குதிரை

1801க்குப் பின் பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1803இல் நிலவரித் திட்டம் வந்து சிவகிரியும் சிங்கம்பட்டியும் ஜமீன்களாயின. புகலிடமாக இருந்த காடு சொத்தாயிற்று. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டுக்கு எல்லைக்கல் நட்டது. கல் நட்டபின் அதைச் சுற்றிவர ஆள் வேண்டும், பாதை வேண்டும். சரிவைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறும் குதிரைப்பாதைகள் மலைகளில் இக்காலத்தில்தான் பெருகின. அலுவலர் மட்டக்குதிரையில் வருவார், கூடாரமும் சமையல் பாத்திரங்களும் பொதிமாட்டிலும் கூலியாட்கள் தலையிலும் வரும். கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை அமையும்வரை பெரியகுளம் அடிவாரத்திலிருந்து மேலேறியவர்கள் குதிரையிலோ, நால்வர் சுமந்த டோலியிலோதான் சென்றனர். மாஞ்சோலைக்கு அப்பால் உள்ள குதிரைவெட்டி என்னும் இடம் தன் பெயரில் குதிரையைத் தாங்கி நிற்கிறது. அங்கே வனத்துறையின் ஓய்வு விடுதி ஒன்று உண்டு.

இதே காலத்தில் கடலுக்கப்பால் நிகழ்ந்ததையும் ஒப்புநோக்கலாம். அமெரிக்காவில் 1905இல் தேசியக் காடுகளுக்கென வனப்பணி அமைந்தபோது, காவலர் வேலைக்கு வருபவர் சொந்தக் குதிரையோடு வரவேண்டும், அதன்மேல் பொதியேற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பின்னர் அந்தப் பாதைகள் பொதுமக்களுக்கும் திறந்தன. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் இயந்திர ஊர்திகளை அங்கே தடுத்தது, குதிரையைத் தடுக்கவில்லை. பரந்த அரசுக் காடுகளில் குடும்பத்தோடு குதிரையேறிச் சென்று கூடாரமிட்டுத் தங்குவது அந்நாட்டு மக்களுக்கு இன்று ஓர் உரிமை. வறண்ட மேட்டு நிலங்களும் ஊசியிலைக் காடுகளும் குதிரைக்கு இடங்கொடுத்தன என்பது ஒரு காரணம். வேலையாளே குதிரைக்காரனாக இருந்தான் என்பது மற்றொன்று. நம் மலைகளில் குதிரைமேல் வந்தவர் அதிகாரி, அதன் முன்னும் பின்னும் நடந்தவர் மக்கள். அதனால் அதிகாரி போனதும் குதிரைப்பயணமும் மலையை விட்டுப் போய்விட்டது. கொடைக்கானல் ஏரிக்கரையிலும் உதகையிலும் சுற்றுலாப் பயணியைக் கட்டணத்துக்குச் சுமக்கும் குதிரைகளே அதன் எச்சம்.

செருப்பின் வழி

அப்படியானால் காட்டில் சென்று தங்கும் மரபு நம்மிடம் இல்லையா? இருக்கிறது, அதுவும் மிகப் பெரிய அளவில் இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு செல்லும் வழியில் பொருநைக் கரையில் அமைந்த சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசை விழாவே அது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரங்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். ஆற்றங்கரையில் ஓலையாலும் துணியாலும் குடிலமைத்து, அடுப்பு மூட்டி, குடும்பத்தோடு தங்குவர். ஆதிச் சாத்தாவின் இடம் இது என்பது நம்பிக்கை. இங்கிருந்து பிடிமண் எடுத்துச் சென்று ஊரூராகக் கோயில்கள் எழுந்தன. சிங்கம்பட்டி ஜமீன்தார் அரச உடையில் காட்சி தருவது விழாவின் ஒரு பகுதியாக இருந்தது. முடிசூட்டப்பட்ட ஜமீன்தார்களில் கடைசியாக எஞ்சியிருந்த முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதத்தில் காலமானார்.

சமவெளியில் அய்யனார் என்றால் குதிரை. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் வேளார்கள் சுட்டுத்தரும் மண்குதிரைகளை ஊரார் சுமந்து சென்று புரவியெடுப்பு நடத்துவர். ஊரெல்லையில் இரவெல்லாம் சுற்றிவரும் காவல் தெய்வத்துக்குக் குதிரை வேண்டும் என்பது அதன் உட்பொருள். ஆனால் மலைக்குள் இருக்கும் இந்தக் கோயிலில் எல்லோரும் வியந்து நோக்கும் காணிக்கை வேறு. பட்டவராயன் சன்னதியில் மக்கள் தோல் செருப்புகளைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். தெய்வம் அவற்றை அணிந்து காடு முழுவதும் நடக்கிறது, அதனால் செருப்புகள் தேய்ந்துபோகின்றன என்பர்.

பட்டவராயனின் கதை நாமறிந்த முத்துப்பட்டன் கதை. நா. வானமாமலை பதிப்பித்த அதனை 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன் சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரிகளை விரும்புகிறான். அவர்கள் தந்தை வாலப்பகடை விதித்த நிபந்தனைப்படி பூணூலை அறுத்தெறிந்து, தோல் அறுத்துச் செருப்புத் தைக்கக் கற்று, அவர்களை மணக்கிறான். மலையடிவாரத்தில் மாடு காத்து, அந்த மாடுகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மடிகிறான். தைக்கக் கற்ற செருப்பே அவன் தெய்வமானபின் அவனுக்குக் காணிக்கையாயிற்று. சமவெளித் தெய்வத்துக்குப் புரவி, காட்டுத் தெய்வத்துக்குச் செருப்பு. நாம் இதுவரை தேடிவந்த எல்லைக்கோட்டை நாட்டார் மரபு வழிபாட்டிலேயே வரைந்து வைத்திருக்கிறது.

இந்தக் கோயில் இன்று களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உள்ளே இருக்கிறது. 1988இல் ஏறத்தாழ 895 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த இது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். நம் சங்கரன்கோவிலின் மேற்கேயுள்ள மலைகளும் 2015இல் நெல்லை வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டன. விழாக் கூட்டத்தால் விறகு வெட்டு, நெகிழிக் குப்பை, ஆற்றில் கழற்றிவிடும் துணிகள் எனக் காட்டுக்கு நேரும் கேடு சிறிதன்று. ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மையத்தார் தன்னார்வலர்களோடு இதைச் சீர்செய்யப் பல ஆண்டுகளாக உழைத்து வருகின்றனர். வனத்துறை தங்கும் நாள்களைக் குறைத்தது, நெகிழியைத் தடுத்தது, விழா நாள்களில் தனியார் ஊர்திகளை அடிவாரத்தில் நிறுத்தி அரசுப் பேருந்தில் அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தது.

இவற்றுள் எதை ஏற்பது, எதற்கு வருந்துவது? வரலாறு இதற்கு ஒரு வழிகாட்டுகிறது என்றே நாம் கருதுகிறோம். இன்றைய ஊர்தி அன்றைய குதிரையின் வாரிசு. அதை அடிவாரத்தில் நிறுத்துவது புதிய அடக்குமுறையன்று, இம்மலையின் பழைய வழக்கமே. நெகிழியை மறுப்பதும் அப்படியே. ஆனால் தங்கும் இரவுகளைக் குறைத்துக்கொண்டே போவது வேறு. முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டாக இரவு முழுவதும் கேட்பதற்கு இரவு வேண்டும். பொருநை எங்கே பிறந்து எப்படி வருகிறது என்பதைப் பேருந்துச் சாளரத்தின் வழியே ஒரு குழந்தை கற்றுக்கொள்ளாது. கரையில் படுத்து அதன் ஓசையைக் கேட்டால் கற்றுக்கொள்ளும். காட்டைத் தம்முடையதாக உணரும் மக்களே அதற்குக் காவல். புலித்தேவர் காலத்திலும் அதுவே நடந்தது.

ஆகவே வனத்துறையிடமும் விழாவுக்குச் செல்லும் நம்மவரிடமும் வைக்கத்தக்க வேண்டுகோள் ஒன்றே. சுமைகள் குறையட்டும், ஊர்திகள் குறையட்டும், குப்பை அறவே ஒழியட்டும். இரவுகள் இருக்கட்டும். இம்மலை குதிரையை ஒருபோதும் ஏற்றதில்லை. நடந்து வந்தவரை ஒருபோதும் திருப்பி அனுப்பியதுமில்லை.